ட்ரெய்லர் மடங்காமல் இருக்க: சங்கிலியில் தொடங்கி ஏபிஎஸ் வரை, களம்போலியில் ஒன்பது நாள் வேலை

போன வியாழக்கிழமை இரவு பத்தரைக்கு மச்சினன் போன் செய்தான். புனே பக்கம் சாக்கனில் லோடு இறக்கிவிட்டுக் காலி கன்டெய்னரோடு கண்டாலா காட் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தான், நல்ல மழை. "மாமா, முன்னால கார்க்காரன் சட்டுனு நிறுத்திட்டான், நானும் மிதிச்சிட்டேன். பின்னால புஸ் புஸ்ஸுனு சத்தம் வந்துச்சு. வண்டி நூல் புடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு" என்றான். அந்த 'புஸ் புஸ்' சத்தத்துக்காகத்தான் ஒன்பது நாள் வண்டியை நிறுத்தி, ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தேன். அது வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். எங்கெங்கே தப்பாகப் போனேன் என்பதையும் எழுதுகிறேன், இன்னொருவர் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

முதலில் வண்டி. 4×2 ஹார்ஸ் (ட்ரெய்லரை இழுக்கும் முன் வண்டி), 40.2 டன் வகை, பழையதாக வாங்கியது. பின்னால் கன்டெய்னர் வைக்கும் வெறும் சட்டமான 40 அடி எலும்புக்கூடு ட்ரெய்லர், மூன்று ஆக்சில், பன்னிரண்டு டயர், பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக். நாமக்கல்லிலிருந்து மும்பை பக்கம் களம்போலிக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. இந்த மாதிரி இரண்டு செட் வைத்து நாவா சேவா துறைமுகத்துக்கும் புனே பக்கத்துக்கும் ஓட்டுகிறோம்.

போன வருடம் ஜூலையில் பளஸ்பே ஃபாட்டாவிலிருந்து துறைமுகம் போகும் ரோட்டில் இந்த வண்டிதான் மடங்கியது. மேலே பெட்டி கூட இல்லை, வெறும் ட்ரெய்லர். தூறல். வேகம் 40-க்குள்தான். ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது, மச்சினன் மிதித்தான், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் ஆனில் இருந்தது. ஹார்ஸின் பின் சக்கரங்கள் வழுக்கி, மூக்கு ஒரு பக்கம் திரும்பி, பின்னாலிருந்து ட்ரெய்லர் தள்ளி, கேபினின் பின் மூலை ட்ரெய்லரின் முன் கட்டையில் போய் மோதி நின்றது. ஏர் ஹோஸ் இரண்டும் அறுந்தன, கேபின் தகடு உள்ளே போனது. யாருக்கும் அடி இல்லை. ஆட்டோ ஓரடி தள்ளித் தப்பியது. அந்த ஓரடி எனக்குப் பல நாள் தூக்கத்தில் வந்தது.

மடங்குவதில் இரண்டு வகை உண்டு, இது தெரியாமல்தான் நான் முதலில் தப்பான பொருளை வாங்கினேன். ஹார்ஸின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஹார்ஸே பம்பரம் மாதிரி திரும்பும். அது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், டிரைவரால் ஒன்றும் செய்ய முடியாது. ட்ரெய்லரின் சக்கரம் பூட்டிக்கொண்டால் ட்ரெய்லரின் வால் கதவு மாதிரி வீசும். அது கொஞ்சம் மெதுவாக வரும், கண்ணாடியில் பார்த்துப் பிரேக்கை விட்டால் சில நேரம் நேராகிவிடும். இரண்டுக்கும் பொதுவான ஒன்று, சக்கரம் சுற்றாமல் சறுக்கியது. சுற்றும் சக்கரம் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும், சறுக்கும் சக்கரம் எந்தப் பக்கமும் போகும். காலி வண்டியிலும் ஈரத்திலும் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும்.

நான் இதை யோசிக்காமல் நேராக மூட்டுக்குப் போனேன். மடங்குவது ஹார்ஸும் ட்ரெய்லரும் சேரும் தட்டான ஃபிஃப்த் வீலில், அதனால் அங்கேயே தடுப்போம் என்று. 12 மி.மீ. கனமுள்ள சங்கிலி இரண்டு, ஹார்ஸ் சேஸிஸின் இரண்டு பக்கத்திலிருந்தும் ட்ரெய்லரின் முன் கிராஸ் மெம்பருக்கு, 60 டிகிரிக்கு மேல் மடங்க விடாத நீளத்தில். கொக்கிக்குத் தகடு வெல்டிங், போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். மறுநாள் காலை கன்டெய்னர் யார்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது முதல் வளைவிலேயே இடது சங்கிலி இறுகி, வெல்டிங் செய்த தகடு கிராஸ் மெம்பரின் ஓரத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டு பிய்ந்தது. யார்டுக்குள் கிட்டத்தட்ட 90 டிகிரி மடக்கித்தான் திருப்ப வேண்டும், அது நமக்குத் தினமும் தெரிந்த விஷயம், வெல்டிங் வைக்கும்போது மறந்துவிட்டது. ரோட்டில் அறுந்திருந்தால் இன்னும் மோசம். 60 டிகிரியில் சங்கிலி இறுகும்போது ட்ரெய்லரின் மொத்த எடையும் ஒரு வெட்டு வெட்டும், சேஸிஸ் அதைத் தாங்காது.

மூட்டில் தடுக்கும் சாதனங்களே உலகத்தில் இல்லை என்று சொல்ல வரவில்லை. பிரிட்டனில் 1960-70களில் ஃபிஃப்த் வீலிலேயே உராய்வுத் தட்டு வைத்து, பிரேக் மிதிக்கும்போது மூட்டை இறுக்கும் சாதனங்கள் விற்றிருக்கின்றன. இரட்டைப் பெட்டி பஸ்களில் இன்றைக்கும் மூட்டில் ஹைட்ராலிக் டாம்பர் உண்டு. ஆனால் அதே பிரிட்டனில் அதே காலத்தில் டன்லப் கம்பெனியின் மாக்ஸரெட் என்ற, விமானத்துக்குச் செய்த பூட்டாத பிரேக்கை லாரி ஹார்ஸின் பின் ஆக்சிலிலும் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது அந்த வழிதான். அமெரிக்காவில் 1997 மார்ச்சிலிருந்து புது ஹார்ஸ்களுக்கும் 1998 மார்ச்சிலிருந்து புது ட்ரெய்லர்களுக்கும் இந்த மாதிரிப் பூட்டாத பிரேக், அதாவது ஏபிஎஸ், கட்டாயம்.

சங்கிலி பிய்ந்த அன்று எங்கள் ஃபிட்டர் அண்ணன் வந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர், ட்ரெய்லர் பிரேக்கில் முப்பது வருட அனுபவம். வளைந்த தகட்டைக் காலால் தள்ளிவிட்டு, "தம்பி, மூட்டுல ஒண்ணுமில்ல. பூட்டினது சக்கரம்லா, அதைப் பாருங்க" என்றார். நான் உடனே ஏபிஎஸ் கிட் விலை கேட்கக் கிளம்பினேன். அவர் விடவில்லை. இப்போது இருக்கிற பிரேக் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்கணும் என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதுதான் இந்த முழு வேலையிலும் நான் செய்த உருப்படியான காரியம்.

ஞாயிற்றுக்கிழமை தலோஜா பக்கம் தெரிந்தவரின் காலி ஸ்டீல் யார்டு கிடைத்தது, மூடிய காம்பவுண்டு, கான்கிரீட் தரை. தண்ணீர் டேங்கர் ஒன்று சொல்லித் தரையை நனைத்தோம். ட்ரெய்லரின் ஆறு இரட்டைச் சக்கரங்களிலும் வெளி டயரின் வெளிச்சுவரில் வெள்ளை பெயின்ட்டால் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு கோடு. சக்கரம் சுற்றுகிறதா நின்றதா என்று வீடியோவில் அதைப் பார்த்தால் போதும். 25 கி.மீ. வேகம், காலி ட்ரெய்லர், நேர்கோடு, எக்ஸாஸ்ட் பிரேக் ஆஃப், பக்கத்தில் ஆள் இல்லை. மிதித்த இடத்திலிருந்து நின்றது 9.2 மீட்டர். வலது பக்க நடு, கடைசிச் சக்கரங்கள் மிதித்தவுடனே நின்றுவிட்டன, ஐந்து மீட்டருக்குத் தேய்த்த தடம். இடது பக்கம் கடைசிவரை சுற்றிக்கொண்டே வந்தது. வால் அரை மீட்டர் இடது பக்கம் போய் நின்றது. 25 கி.மீ. வேகத்தில் அரை மீட்டர் என்றால் காட் இறக்கத்தில் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது அளவு. எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, டேங்கில் 6 பார் ஏர் வைத்து இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு பிரேக் சேம்பரின் (காற்று வந்ததும் தண்டைத் தள்ளிப் பிரேக் பிடிக்க வைக்கும் டப்பா) தண்டிலும் சாக்பீஸால் குறித்து, மிதித்து, எவ்வளவு வெளியே வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். எங்களுடையது டைப் 30 சேம்பர். அதன் முழு ஓட்டமே 64 மி.மீ., 51 மி.மீ.-ஐத் தாண்டினால் அட்ஜஸ்ட் செய்தே ஆக வேண்டும். முன் ஆக்சில் இடது 44, வலது 47. நடு ஆக்சில் இடது 61, வலது 39. கடைசி இடது 57, வலது 42. 61 என்றால் தண்டு கடைசிவரை போய் முட்டுகிறது, லைனர் டிரம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். இடது பக்கம் இரண்டு சக்கரங்கள் கிட்டத்தட்ட பிரேக்கே பிடிக்கவில்லை. இத்தனை நாள் வலது பக்கம் மட்டும் ட்ரெய்லரை நிறுத்திக்கொண்டிருந்தது.

அதைவிட என்னை அதிர வைத்தது நேரம். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ 240 ஃபிரேமில் எடுக்கலாம். பிரேக் விளக்கும் கடைசி ஆக்சிலின் தண்டும் ஒரே படத்தில் தெரியும்படி போனை வைத்து எடுத்தோம். விளக்கு எரிந்து 1.1 வினாடி கழித்துத்தான் தண்டு முழுசாக வெளியே வந்தது. அந்த நேரம் முழுக்க ஹார்ஸ் மட்டும் நிற்கப் பார்க்கிறது, ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஹார்ஸ் மடங்குவதற்கு இதைவிட என்ன வேண்டும். காரணம் மிதித்ததை ட்ரெய்லர் பிரேக்குக்குக் காற்றில் சொல்லும் மஞ்சள் லைன் ஹோஸ். வெளியே நன்றாகத்தான் இருந்தது, வெட்டிப் பார்த்தால் உள் ரப்பர் ஊதி ஓட்டை பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஏர் டேங்கில் தேங்கிய எண்ணெயும் தண்ணீரும் செய்த வேலை. டேங்க் டிரெயின் வால்வைத் தினமும் இழுக்கச் சொல்வது சும்மா இல்லை.

பிரேக் வேலை மூன்று நாள் ஓடியது. ஆறு சக்கரத்துக்கும் புது லைனர் 14,400. ஒரு டிரம்மில் விரிசல், அதை மாற்ற 7,500. இரண்டு டிரம்மை லேத்தில் கடைய 1,600. எஸ்-கேம் புஷ் 3,000. ஹோஸ்கள் 2,700. லைனர் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும், கையால் திருகும் பழைய ஸ்லாக் அட்ஜஸ்டர் ஆறையும் கழற்றி ஆட்டோமேட்டிக் போட்டேன், ஒன்று 2,300 வீதம் 13,800. ஆட்டோமேட்டிக் போட்ட பிறகு தண்டு ஓட்டம் கூடினால் சாவி போட்டுத் திருகக் கூடாது, எங்கோ புஷ்ஷோ பின்னோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேட வேண்டும். பார்க்கிங் பிரேக்குக்கான ஸ்பிரிங் சேம்பரில் கை வைப்பதற்கு முன்னால் கேஜிங் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை இறுக்கிப் பூட்ட வேண்டும். அந்த ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போகும். எங்கள் ஃபிட்டர் அண்ணன் இதில் மட்டும் யாரையும் பக்கத்தில் விட மாட்டார்.

முடித்து அளந்தால் ஆறும் 36-லிருந்து 40-க்குள் வந்தன. தாமதம் 0.6 வினாடி. கையோடு ஃபிஃப்த் வீலில் மாட்டும் ட்ரெய்லரின் கிங்பின்னையும் அளந்தோம். புதிதில் 50.8 மி.மீ., 49-க்குக் கீழே போனால் தூக்கி எறிய வேண்டியது, எங்களுடையது 50.1, பரவாயில்லை.

நாலாவது நாள் ஹார்ஸ். இதில் தொழிற்சாலையிலிருந்தே ஏபிஎஸ் உண்டு. அப்புறம் ஏன் பின் சக்கரம் பூட்டியது? டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்ததே இல்லை, அதனால் எல்லாம் சரி என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை. எலக்ட்ரீஷியன் தம்பி டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் பல்பையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். புது பல்பைப் போட்டோம், எரிந்தது, அணையவில்லை. பின் ஆக்சிலில் ஒரு சென்சாரின் வயர் அறுந்து டேப் சுற்றிக் கிடந்தது, இன்னொன்று முழுசாக வெளியே தள்ளி இருந்தது. யாரோ எச்சரிக்கை விளக்கு தொந்தரவாக இருக்கிறது என்று விளக்கைக் கழற்றி, வண்டியை விற்றுவிட்டார்கள். மச்சினன் உயிர் அந்தச் சின்ன பல்பில் இருந்தது என்பதை நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தம் கேட்பதற்கு முன்னால் சாவியைத் திருப்பி இந்த விளக்கைப் பாருங்கள். இரண்டு சென்சார் 3,800, பல்பு, வயர் 600.

அடுத்த மூன்று நாள் ட்ரெய்லர் ஏபிஎஸ். எடுத்தது இரண்டு சென்சார், பிரேக் காற்றை விட்டுப் பிடிக்கும் வால்வான மாடுலேட்டர் இரண்டு உள்ள கிட், 41,500. நடு ஆக்சிலின் இரண்டு பக்கமும் சென்சார். இடது சென்சாரைப் பார்த்து இடது மாடுலேட்டர் இடது பக்க மூன்று சேம்பரையும் விட்டுப் பிடிக்கும், வலதும் அப்படியே. எங்கள் ஹப்பில் சென்சார் சக்கரத்தின் வேகத்தைப் படிக்கும் பல் வளையம் கிடையாது, அதனால் 100 பல் வளையம் இரண்டு, 2,800-க்கு வாங்கி, லேத்தில் ஹப்பின் உள் விளிம்பைக் கடைந்து, வளையத்தைச் சூடாக்கி இறக்கினோம். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஒன்றில் 0.5 மி.மீ. ஆட்டம், வளையம் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. மறுபடி சூடாக்கி, கட்டை வைத்துத் தட்டி உட்கார வைத்ததும் 0.15-க்கு வந்தது. லேத் கூலி 1,800, சென்சார் பிடிக்கும் பிராக்கெட் 900.

சென்சார் வைப்பதில் ஒரு முழு மதியம் போனது. பல்லுக்கும் சென்சாருக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்று நானே முடிவு செய்து, ஃபீலர் கேஜில் 1 மி.மீ. விட்டு வைத்தேன். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று வேகத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் 0.08 வோல்ட். குறைந்தது 0.2 வேண்டும். சென்சார் கெட்டது என்று நினைத்து ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன், 1,240-ம் 1,260-ம் ஓம், இரண்டும் நல்லது. கடைசியில் கிட்டோடு வந்த தாளைப் படித்தால் இடைவெளியே விடக் கூடாது. சென்சார் ஒரு ஸ்பிரிங் புஷ்ஷில் இறுக்கமாக நிற்கும், அதைப் பல்லைத் தொடும்வரை தள்ளிவிட வேண்டும். சக்கரம் சுற்றும்போது வளையமே அதை வேண்டிய அளவு பின்னால் தள்ளிக்கொள்ளும். தள்ளினேன், 0.42 வோல்ட் வந்தது. தாளை முதலில் படித்திருந்தால் அந்த மதியம் மிச்சம்.

கரன்ட் விஷயத்திலும் ஒரு தப்பு. தம்பி வேலை சுலபம் என்று விளக்குப் பிளக்கிலிருந்தே, 1.5 சதுர மி.மீ. வயரில் சப்ளை எடுத்துவிட்டான். நின்ற இடத்தில் எல்லாம் சரி. மாடுலேட்டர் இரண்டும் வேலை செய்யும்போது மீட்டரைப் பார்த்தால் 26.8 வோல்ட் 19-க்கு இறங்கியது, ஏபிஎஸ் யூனிட் தன்னை அணைத்துக்கொண்டது. ஏபிஎஸ்ஸுக்கென்று தனியாக ஐஎஸ்ஓ 7638 என்ற ஐந்து முனைப் பிளக் இருப்பதே இதற்காகத்தான். மாடுலேட்டருக்கு ஒரு பாசிட்டிவ், ஓர் எர்த், இரண்டும் 4 சதுர மி.மீ.; யூனிட்டின் மூளைக்குத் தனி பாசிட்டிவ், தனி எர்த், 1.5, ஐந்தாவது எச்சரிக்கை விளக்கு. பேட்டரிப் பெட்டியிலிருந்து ஃப்யூஸ் வைத்துப் புதிதாக இழுத்தோம். சுருள் கேபிள் 4,800, இரண்டு பக்கத்துக்கும் சாக்கெட் 2,700. இப்போது குறைந்தபட்சம் 25.6 வோல்ட்.

எட்டாவது நாள் மறுபடி அதே யார்டு, அதே டேங்கர். சாவியைத் திருப்பினதும் மாடுலேட்டர் டக் டக் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டது, விளக்கு எரிந்தது, வண்டி நகர்ந்து 7-8 கி.மீ. தாண்டியதும் அணைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். மிதித்தால், வலது பக்கச் சக்கரங்கள் பூட்டி நிற்கின்றன, இடது பக்கம் தேவையே இல்லாமல் விட்டு விட்டுப் பிடிக்கிறது! வீடியோவை நாலு தடவை பார்த்த பிறகு மச்சினன்தான் சொன்னான், "மாமா, வலது பூட்டினா இடதை இல்ல விடுது." யூனிட்டை நாங்கள் சேஸிஸில் வைத்தது திருப்பி. கிட்டின் படம் ட்ரெய்லரின் பின்னாலிருந்து பார்ப்பது போல, நாங்கள் முன்னாலிருந்து பார்த்து மாடுலேட்டர் வயரைச் செருகியிருந்தோம். நின்ற இடத்தில் செய்யும் சோதனையில் இது தெரியாது, விளக்கும் காட்டிக்கொடுக்காது. ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றி, பிரேக் பிடித்து, எந்த மாடுலேட்டர் காற்றை விடுகிறது என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தியிருக்க வேண்டும். இரண்டு பிளக்கை மாற்றிச் செருகினோம், இடதுக்குச் சிவப்பு பெயின்ட், வலதுக்குப் பச்சை.

அதற்குப் பிறகு எடுத்த வீடியோதான் இன்னும் என் போனில் இருக்கிறது. வெள்ளைக் கோடு ஆறு சக்கரத்திலும் திக்கித் திக்கிச் சுற்றுகிறது, ஒன்றுகூட நிற்கவில்லை. 25 கி.மீ. வேகத்தில் 7.6 மீட்டர். வால் நகரவே இல்லை. 30-இல், எக்ஸாஸ்ட் பிரேக் ஆனில் வைத்தும் பார்த்தோம், நேராகத்தான் நின்றது.

ஒன்பதாவது நாள் காலி வண்டியை லோனாவாலா வரை ஏற்றி இறக்கினோம். 60 கி.மீ. கழித்து ட்ரெய்லர் விளக்கு எரிந்துவிட்டது. வலது சென்சார் பின்னால் தள்ளப்பட்டிருந்தது, காரணம் வீல் பேரிங்கில் ஆட்டம். ஹப்பை மாட்டும்போது நட்டைச் சரியாக இறுக்கவில்லை, அது எங்கள் கவனக்குறைவு. சக்கரத்தைத் தூக்கி, ஆட்டத்தை எடுத்து, சென்சாரை மறுபடி உள்ளே தள்ளினோம். அதற்குப் பிறகு இன்றுவரை எரியவில்லை.

செலவைக் கூட்டினால் பிரேக் 43,000, ஹார்ஸ் சென்சார், பல்பு, வயர் 4,400, ட்ரெய்லர் ஏபிஎஸ் 54,500, கூலி 11,000, வீணான சங்கிலி 6,400. மொத்தம் 1,19,300. ஒன்பது நாள் வாடகை போனது தனி. பெரிய தொகைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதில் 43,000-உம் 4,400-உம் புதுச் சாதனத்துக்கான செலவே இல்லை, வண்டியில் ஏற்கெனவே இருந்ததை இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது. ஏபிஎஸ் வாங்கக் கையில் பணம் இல்லாதவர்கள் சேம்பர் தண்டை அளப்பதையும் ஹோஸை மாற்றுவதையும் இந்த வாரமே செய்யலாம். ஸ்கேலும் சாக்பீஸும் போதும். இடது வலது சமமில்லாத பிரேக்கின் மேல் நான் நினைத்த மாதிரி நேராக ஏபிஎஸ் போட்டிருந்தால், வலது பக்கமும் பூட்டாது, இடது பக்கமும் பிடிக்காது, வண்டி நிற்க இன்னும் தூரம் எடுத்திருக்கும்.

ஓட்டும் பழக்கத்தில் இரண்டு மாற்றினோம். காலியாக, ஈர ரோட்டில் எக்ஸாஸ்ட் பிரேக் ஆஃப். அது ஹார்ஸின் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். காட் இறக்கத்தில் ஹார்ஸ் லைனரை மிச்சம் பிடிக்க ட்ரெய்லர் கை வால்வை மட்டும் இழுத்துக்கொண்டு வரும் பழக்கம் நம்மிடையே உண்டு, மச்சினன் அதை விட்டுவிட்டான். வால் வீசுவதற்கு அதுவே வழி. இன்னொன்று, ட்ரெய்லர் மாற்றும்போது ஒரு தடவை ஐந்து முனைப் பிளக்கை மாட்ட மறந்துவிட்டான். பிரேக் வழக்கம்போல் பிடிக்கும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது, அதனால் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. இப்போது அந்தக் கேபிளை மஞ்சள் ஏர் ஹோஸோடு சேர்த்துக் கிளிப் போட்டிருக்கிறேன். ஏரை மாட்டக் கை போனால் இதுவும் கையில் வரும்.

இரண்டாவது ட்ரெய்லருக்கு வேலையை அடுத்த வாரம் தொடங்குகிறோம். இந்தத் தடவை சென்சார் வயரை ஆக்சிலுக்குக் கீழே விடாமல் மேல் பக்கமாகக் கொண்டுபோகப் போகிறேன். முதல் வண்டியில் அதற்குள் சேறு ஒட்டி உரச ஆரம்பித்துவிட்டது. சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி முதலிலேயே வாங்கியாகிவிட்டது. லோடுக்குத் தகுந்தபடி பிரேக் காற்றைக் குறைக்கும் லோடு சென்சிங் வால்வும் இதில் போடப் போகிறோம். காலியில் சக்கரம் பூட்டும் நிலைக்கே போகாமல் அது பார்த்துக்கொள்ளும், ஏபிஎஸ்ஸுக்கு வேலை குறையும். அதன் அளவை வைப்பது ஸ்பிரிங் இறக்கத்தைக் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டியது, அதனால் நாங்களே வைக்காமல் தெரிந்த டெக்னீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். நேற்று மாலை அந்த ட்ரெய்லரின் ஆறு தண்டையும் அளந்தோம். கடைசி ஆக்சில் இடது 59.